பர்மாவில் நம் நிலம் போனது 1948-லா?

பழைய பேரேடு:
நேற்று பள்ளத்தூரான் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "1948 ஜனவரி 4-ல் பர்மா சுதந்திரம், அதே வருஷம் அக்டோபரில் நில நாட்டுடைமைச் சட்டம், அதோடு செட்டிநாட்டார் நிலம் அத்தனையும் போச்சு, அதுவரை ராஜா மாதிரி இருந்தார்கள்" என்கிறார். ஆளாளுக்கு அதைப் பகிர்கிறீர்கள். சட்டம் வந்தது 1948. நிலம் போனது 1948 இல்லை. அந்தச் சட்டத்தை நடத்திப் பார்த்தது ரங்கூனுக்கு அக்கரையில் இருக்கிற சிரியம் வட்டத்தில் மட்டும். மற்ற இடங்களில் நடக்காமல் போய்த்தான் 1953-ல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

பள்ளத்தூரான்:
அண்ணே, சட்டம் போட்ட அன்றைக்கே நிலம் போனதுதான். அப்புறம் பத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கள் ஐயா ஐராவதி டெல்டாவில் ஹென்சாடா பக்கம் வட்டிக்கடை வைத்திருந்தவர். கண்ணை மூடும்வரை "நாற்பத்தெட்டில் போச்சு" என்றுதான் சொன்னார். உங்கள் பேரேடு அவருக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

பழைய பேரேடு:
ஐயாமேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் 1948-ல் ஹென்சாடாவுக்கு எந்த அதிகாரி வந்து நிலம் அளந்தான்? மார்ச் கடைசியில் கம்யூனிஸ்டுகள் ஆயுதம் எடுத்துவிட்டார்கள். அடுத்த ஜனவரியில் ரங்கூன் வாசலில் இன்செயினில் கரேன் இனக் கிளர்ச்சிப் படை நின்றது. பிரதமர் ஊ நூ அரசாங்கத்துக்குத் தலைநகரைக் காப்பாற்றுவதே பெரும்பாடு.

எங்கள் வட்டிக்கடை அதே டெல்டாவில் பியாப்பொனில். பேரேடு இன்னும் வீட்டில் இருக்கிறது. 1941 டிசம்பர் 23 ரங்கூனில் குண்டு விழுந்ததுவரை குத்தகை நெல் கூடைக் கணக்கு வரிவரியாக இருக்கும். அப்புறம் ஏடே இல்லை. சண்டை முடிந்து, கடையைப் பார்த்துக்கொண்ட மேலாள் திரும்பிப் போய் எழுதிய பக்கங்களில் இடதுபுறம் குத்தகைக்காரன் பேர் இருக்கிறது, எதிரே ஒன்றும் இல்லை. 1947 சட்டப்படி நெல் நிலத்துக் குத்தகை, நிலவரியைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. அதையும் யாரும் கொடுக்கவில்லை. நிலம் கையைவிட்டது ஜப்பான்காரன் வந்த 1942-ல்.

செக்காலைத் தம்பி:
எந்த வருஷம் போச்சு என்று அடித்துக்கொள்கிறீர்களே, எந்த வருஷம் வந்தது என்று ஒருத்தரும் பேசவில்லை. 1930-ல் கீழ்பர்மா நெல் நிலத்தில் செட்டியார்கள் கையில் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு. 1938-ல் 25 பங்கு, ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர். நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது, கடன் கட்ட முடியாதவன் நிலத்தை எழுதிக் கொடுத்தான். உழுதவன் பர்மாக்காரன். அவன் நாடு கைக்கு வந்த முதல் வருஷமே நிலத்தைக் கேட்கத்தான் செய்வான்.

பள்ளத்தூரான்:
தம்பி எந்த வீடு? வெள்ளைக்கார பேங்க் விவசாயிக்கு ஒரு ரூபாய் கொடுக்காத காலத்தில் கொடுத்தது யார்? ஐராவதி டெல்டாவில் காடும் சதுப்பும் வயலானது யார் பணத்தில்? பர்மா தேக்குத் தூண் நிற்கிற வளவு முற்றத்தில் தாலி கட்டிவிட்டு இங்கே வந்து நியாயம் பேசாதே.

செக்காலைத் தம்பி:
எங்கள் வீட்டில் தூண் நிற்கிறது. உங்கள் வீட்டுத் தூண் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் விலைச்சீட்டோடு நின்றதை ஊரே பார்த்தது.

பள்ளத்தூரான்:
பங்காளிகள் ஏழு பேர் கையெழுத்துப் போட்டு விற்றது. அதைச் சொல்ல நீ யார்? வைரவன்கோயில் கூட்டத்தில் உன் அப்பச்சி கணக்குக் கேட்டுக் கத்திய அன்றைக்கே தெரியும், இந்த வளர்ப்பு இப்படித்தான் வரும் என்று.

பழைய பேரேடு:
தூணை விடுங்கள். 1948-க்கு வாருங்கள். சிரியம் தவிர எந்த வட்டம்? ஒன்று சொல்லுங்கள்.

தேவகோட்டை மாப்பிள்ளை:
அண்ணே, காலையிலிருந்து "எந்த வட்டம், எந்த வட்டம்" என்று இதே பாட்டு. சட்டத்தில் விவசாயிக்கே 50 ஏக்கர் வரம்பு. காரைக்குடியில் உட்கார்ந்து கடை நடத்தியவனுக்கு என்ன மிச்சம்? அன்றைக்கே போச்சு. பள்ளத்தூர் அண்ணன் சொல்வதுதான் சரி.

பழைய பேரேடு:
வரம்பு காகிதத்தில். நான் கேட்பது வயலில். எந்த வட்டம்?

பர்மா காலனி பேத்தி:
ஒரு ஏக்கர்கூட இல்லாத எங்களைப் பற்றி இவ்வளவு நேரமும் ஒருவர் வாயிலும் ஒரு சொல் வரவில்லை. எங்கள் தாத்தா, செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியில் சமையலுக்குப் போனவர். 1942-ல் லட்சக்கணக்கான பேர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள், வழியில் செத்தார்கள். தாத்தா திரும்பிப் போய் ரங்கூனில் சின்னதாக ஒரு கடை போட்டார். ராணுவத் தளபதி நே வின் ஆட்சியில் கடைகளை எடுத்தார்கள். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். கப்பலில் வரும்போது ஆயா தாலியைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். உங்களுக்கு 1948, எங்களுக்கு 1964.

தேவகோட்டை மாப்பிள்ளை:
வருத்தமான விஷயம்தான் தங்கச்சி, ஆனால் இங்கே பேச்சு நிலத்தைப் பற்றி.

பர்மா காலனி பேத்தி:
அதைத்தான் சொல்கிறேன். நிலம் இருந்தவர் வருத்தம் மட்டும்தான் உங்களுக்கு வருத்தம்.

பழைய பேரேடு:
தங்கச்சி சொல்வதும் என் பக்கம்தான் வருகிறது. 1948-லேயே எல்லாம் போயிருந்தால் 1964-ல் எடுக்க அங்கே நம் ஆள் யார் இருந்திருப்பார்?

பர்மா காலனி பேத்தி:
என்னை உங்கள் பக்கம் சேர்க்காதீர்கள். நான் கடையைச் சொன்னேன், நிலத்தைச் சொல்லவில்லை.

பள்ளத்தூரான்:
கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணே, பேரேடு பேரேடு என்று மிரட்டுகிறீர்களே, அதை இதுவரை யார் பார்த்தது? பியாப்பொன் கடைக் கணக்கில் உங்கள் சித்தப்பா பங்கு என்ன ஆனது என்பதும் அதில்தான் இருக்கும். அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

பழைய பேரேடு:
சித்தப்பா பங்கு எங்கள் வீட்டு விஷயம். 1947, 48 பக்கங்களை மட்டும் படம் எடுத்துப் போடுகிறேன். அதற்குள் நீங்கள் வட்டத்தின் பேரைத் தேடி வையுங்கள்.

பள்ளத்தூரான்:
முழுப் பேரேடும் வரட்டும். அதுவரை நான் எழுதியதில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன்.