சந்தேகம்: தேறியவை 96 கட்டுரை, பேச இருப்பது 72 இடம். மாநாட்டு நிரலை எப்படி அடுக்குவது?

நிரல்குழு_தலைவி:

வணக்கம். எங்கள் தொழில்முறைச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்கு இந்த முறை நிகழ்ச்சிக் குழுத் தலைவர் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. இரண்டு நாள், மூன்று அரங்கு. தொடக்க விழா, சிறப்புரை, பொதுக்குழு, சாப்பாடு எல்லாம் போக, ஒரு அரங்கில் நாளுக்கு மூன்று அமர்வு நடத்தலாம். அமர்வு 90 நிமிடம், அதில் நான்கு பேச்சு. பெருக்கிப் பார்த்தால் 72 பேருக்குத்தான் மேடை. மதிப்பாய்வில் 96 கட்டுரைச் சுருக்கங்கள் தேறிவிட்டன.

பேச்சைப் பத்து நிமிடமாகக் குறைத்து அமர்வுக்கு ஆறு பேரைப் போட்டால் எல்லோரும் அடங்கிவிடுவார்கள் என்று குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மதிப்பெண்ணை வைத்து வெட்டவும் தயக்கமாக இருக்கிறது. ஒவ்வொரு சுருக்கத்தையும் மூன்று பேர் படித்து ஐந்துக்கு மதிப்பெண் போட்டார்கள். ஒருவர் 4-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறார், இன்னொருவர் 3-ஐத் தாண்டவே இல்லை. சராசரியில் வரிசைப்படுத்தினால் 66-ஆம் இடத்திலிருந்து 81-ஆம் இடம் வரைக்கும் எல்லோருக்கும் ஒரே எண். கோட்டை எங்கே போடுவது?

இன்னொன்று. அந்தக் கூட்டத்துக்குள்தான் முன்னாள் தலைவர் ஒருவரின் சுருக்கமும் இருக்கிறது. "அவருக்கே இடமில்லையா?" என்று செயற்குழுவிலிருந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_செயலாளர்:

பத்து நிமிடத்துக்குச் சம்மதிக்காதீர்கள் மேடம். ஆறு பேர் என்றால் ஆளுக்குப் பதினைந்து நிமிடம். பத்து நிமிடம் பேச்சு, அடுத்தவர் ஏறி ஸ்லைடைத் திறக்க இரண்டு நிமிடம், மிச்சம் மூன்று நிமிடம் கேள்விக்கு. பேசுபவர் பன்னிரண்டில்தான் நிறுத்துவார், கேள்வி காலி. தன் வேலையை நாலு பேர் கேள்வி கேட்டுத் துருவ வேண்டும் என்றுதானே ஒருவர் அவ்வளவு தூரம் வருகிறார்? பதினைந்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் கேள்வி. இதில் கை வைக்க வேண்டாம்.

மீதி 24 பேருக்கும் போஸ்டர் கொடுங்கள், அதாவது ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு மாட்டி, பக்கத்தில் நின்று வருபவர்களுக்கு விளக்கட்டும். ஆனால் அதற்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அந்த நேரத்தில் எந்த அரங்கிலும் வேறு எதுவும் நடக்கக் கூடாது. சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு "சாப்பிட்டுக்கொண்டே பாருங்கள்" என்று விட்டால், நின்றுகொண்டிருப்பவருக்கு அது அவமரியாதை.

வெட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். 96 பேருக்கும் மெயில் போட்டு, பேச்சா, போஸ்டரா, எதுவானாலும் சரியா என்று கேளுங்கள். போஸ்டரை விரும்பியே கேட்பவர்கள் உண்டு. ஒருவரோடு நின்று அரை மணி நேரம் பேச அதில்தானே முடியும்? அடுத்த ஆண்டு இந்தக் கேள்வியைச் சுருக்கம் அனுப்பும் படிவத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

எண்_கணக்கு:

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மதிப்பாய்வாளரும் போட்ட எல்லா மதிப்பெண்ணுக்கும் சராசரி எடுத்து, தனித்தனி மதிப்பெண்ணிலிருந்து கழித்துப் பாருங்கள். சராசரி 4.4 உள்ளவர் 4 போட்டால் அது உண்மையில் −0.4. சராசரி 2.6 உள்ளவர் 3 போட்டால் +0.4. கைதாராளக்காரர் யார், கஞ்சக்காரர் யார் என்பது சமனாகிவிடும். ஒருவருக்கு ஐந்தாறு சுருக்கம்தான் போயிருந்தால் இந்தக் கணக்கை முழுசாக நம்பக் கூடாது, அவருக்கு வந்தவை எல்லாமே நல்லவையாகக்கூட இருக்கலாம். எதைத் திரும்ப எடுத்துப் படிக்க வேண்டும் என்று காட்டத்தான் இது, தீர்ப்புச் சொல்ல இல்லை.

நடுவில் நிற்பவர்களைத் தசமப் புள்ளியால் பிரிப்பதில் பொருளே இல்லை. இயந்திரக் கற்றல் துறையின் பெரிய மாநாடான நிப்ஸ் (இப்போது நியூரிப்ஸ்), 2014-இல் ஒரு சோதனை செய்தது. வந்த கட்டுரைகளில் பத்தில் ஒரு பங்கை, 166 கட்டுரைகளை, ஒன்றையொன்று அறியாத இரண்டு குழுக்களிடம் கொடுத்தார்கள். ஏறக்குறைய கால்வாசிக் கட்டுரைகளில் இரண்டு குழுவின் முடிவும் வேறு வேறாக இருந்தது. ஒரு குழு ஏற்ற கட்டுரைகளிலேயே பாதிக்கு மேல், இன்னொரு குழு தள்ளியவை! அவ்வளவு பேர் உட்கார்ந்து பார்த்தும் இப்படி. அதனால் அந்தப் பதினாறையும் குழுவாக உட்கார்ந்து படியுங்கள். "கேட்பவருக்கு இதில் புதிதாக என்ன கிடைக்கும்", "வேறு பேச்சோடு சேர்ந்து அமர்வாக நிற்குமா" என்ற இரண்டு கேள்வி போதும்.

நடுப்பலகை:

முன்னாள் தலைவர் விஷயத்தில் வழி ஒன்றுதான். பெயரை எடுத்துவிட்டுப் படியுங்கள். அவரோடு வேலை செய்தவர்கள் அந்த ஒரு சுருக்கம் வரும்போது வெளியே போய்விட வேண்டும். இது அவர்மேல் சந்தேகப்பட்டுச் செய்வதில்லை. 2017-இல் இணையத் தேடல், தரவு அகழ்வுத் துறையின் டபிள்யூஎஸ்டிஎம் மாநாட்டில் ஒவ்வொரு கட்டுரையையும், எழுதியவர் பெயர் தெரிந்த இருவர், தெரியாத இருவர் என்று நான்கு பேரிடம் கொடுத்தார்கள். பெயர் தெரிந்தவர்கள் புகழ்பெற்றவர்களையும் பெரிய பல்கலைக்கழகங்களையும் கூடுதலாகவே பரிந்துரைத்தார்கள். நாம் எல்லோரும் அப்படித்தான். செயற்குழுவுக்கு அவரைக் கௌரவிக்க ஆசை என்றால் தனியாகச் சிறப்புரைக்கு அழைக்கட்டும். முதல்முறை வரும் ஒரு இளைஞரின் இடத்தை எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

நிரல்குழு_தலைவி:

எல்லோருக்கும் நன்றி. மெயிலுக்கு 19 பேர் போஸ்டரே போதும் என்று எழுதிவிட்டார்கள். குழு உட்கார்ந்து இன்னும் ஐந்து பேரை மட்டும் போஸ்டருக்கு மாற்றியது. முன்னாள் தலைவர் அந்த ஐவரில் ஒருவர். நானே போன் செய்து சொன்னேன். போஸ்டர் நேரம் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

இப்போது எக்செல்லில் 72-ஐயும் அடுக்கப் பார்க்கிறேன், ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று இடிக்கிறது. ஒரே நேரத்தில் ஒருவர் ஓரிடத்தில் பேச்சாளர், இன்னோரிடத்தில் அமர்வுத் தலைவர். அப்புறம், பொதுக்குழுவை இரண்டாம் நாள் கடைசியில் வைக்கலாமா?

பழைய_செயலாளர்:

எக்செல்லை மூடுங்கள். பேச்சுக்கு ஒரு சீட்டு எழுதுங்கள். நடுவில் தலைப்பு, கீழே பேசுபவர் பெயர், ஓரத்தில் அவர் வர முடியாத நாள். பெரிய மேசையில் பரப்பி, நேரத்தை மறந்துவிட்டு முதலில் நான்கு நான்காகச் சேருங்கள். அந்த நான்குக்கும் ஒரு தலைப்பு வைக்க வரவில்லை என்றால் அவை சேரவில்லை என்று அர்த்தம். "இதர தலைப்புகள்" என்று ஒரு கட்டு மிஞ்சினால் திரும்பப் பிரியுங்கள், அந்த அமர்வைத் தேடி யாரும் வர மாட்டார்கள்.

பதினெட்டுக் கட்டு ஆனதும் ஒரே கூட்டத்தை இழுக்கக்கூடிய கட்டுகளுக்கு ஒரே நிறத்தில் புள்ளி வையுங்கள். பிறகு ஆறு நேரப் பத்தி, பத்திக்கு மூன்று கட்டு. ஒரே நிறம் ஒரே பத்தியில் வரக் கூடாது, ஒரே பெயரும் வரக் கூடாது. இணை ஆசிரியர் பெயரை விட்டுவிடலாம், பேசுபவரும் அமர்வுத் தலைவரும்தான் கணக்கு. முடிந்ததும் குழுவில் இல்லாத ஒருவரை விட்டுப் பத்தி பத்தியாகப் பெயரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நம் கண்ணுக்குத் தப்பியது அவர் வாயில் வந்துவிடும்.

மூன்று அரங்கிலும் 11:00, 11:20, 11:40, 12:00 என்று ஒரே கடிகாரம் ஓடட்டும். கடைசிப் பத்து நிமிடம் கையிருப்பு. பேசுபவர் வரவில்லை என்றால் அடுத்தவரை முன்னால் இழுக்க வேண்டாம் என்று அமர்வுத் தலைவர்களுக்கு எழுதியே கொடுங்கள். 11:40 பேச்சுக்காகப் பக்கத்து அரங்கிலிருந்து எழுந்து வருபவர் அதைத் தவறவிடக் கூடாது. அந்த இருபது நிமிடத்தில் முந்தைய பேச்சுக்கே கேள்வி ஓடட்டும். நிரல் அச்சுக்குப் போகும் முன் 72 பேரும் பதிவுக் கட்டணம் கட்டிவிட்டார்களா என்றும் பார்த்துவிடுங்கள், கட்டாதவர்தான் பெரும்பாலும் வராதவர்.

பொதுக்குழுவைக் கடைசியில் வைக்காதீர்கள், ஊருக்குக் கிளம்புகிறவர்கள் போய்விட்டால் குறைவெண் வரம்புக்கே (கோரம்) ஆள் சேராது. இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். கடைசி நேரத்துக்கு ஆட்களை உட்கார வைக்கக்கூடிய சிறப்புரையாளர் ஒருவரைப் போடுங்கள், அவரிடம் இன்றைக்கே தேதியை உறுதிசெய்துகொள்ளுங்கள்.