கடல் வீடியோ லேபிள் பண்றவங்க யாராவது இருக்கீங்களா? தண்ணில தெரியற பிம்பத்தையும் பாக்ஸுக்குள்ள சேர்க்கணுமா?

அனோ_மதுரை:
வணக்கம் மக்களே. இதுவரைக்கும் ரோட்டு வீடியோ தான் லேபிள் பண்ணிட்டு இருந்தேன், அதாவது ஏஐ கத்துக்கறதுக்காக ஒவ்வொரு பொருளையும் சுத்தி பாக்ஸ் போட்டு கார் பைக் ஆளு சிக்னல்னு பேர் கொடுக்கறது. இப்போ வந்திருக்கறது தானா ஓடுற கப்பலுக்கான ப்ராஜெக்ட், முழுக்க கடல், சிவிஏடிங்கற லேபிள் சாஃப்ட்வேர்ல பாக்ஸ் போடணும். கப்பல், போட், மிதவை, மற்றவைனு நாலே கிளாஸ். காலைல தண்ணி அசையாம இருக்கறப்ப போட்டோட பிம்பம் அப்படியே கீழ தெரியுது, டீம்ல பாதிப் பேர் அதையும் சேர்த்து இழுக்கறாங்க, நான் சேர்க்கறதில்ல. அப்புறம் தொடுவானத்துல புள்ளி புள்ளியா ஏதோ இருக்கு, ஜூம் பண்ணா நாலு பிக்சல், கப்பலா பாறையா வெயில் மினுக்கா சத்தியமா தெரியல. ராத்திரி வீடியோ இன்னும் மோசம், வெறும் லைட்டு தான். லீடு கிட்ட கேட்டா தோணுறத போடுன்றார், தோணுறத போட்டா க்யூசில (தரம் சரிபார்க்கறவங்க கிட்டேர்ந்து) திரும்பி வருது 😑

பிக்சல்பாண்டி:
பிம்பத்த சேர்க்காதீங்க ப்ரோ, நீங்க பண்றது தான் சரி. பாக்ஸோட அடிக்கோடு எங்க இருக்கோ அத வெச்சு தான் நிறைய சிஸ்டம்ல தூரம் கணக்கு போடுவாங்க. தண்ணி மட்டத்துலேர்ந்து 10 மீட்டர் உயரத்துல ஃபுல் எச்டி கேமரா, 60 டிகிரி லென்ஸ்னு வெச்சுக்கங்க. 1 கிமீ தள்ளி இருக்கற போட்டோட அடி தொடுவானத்துக்கு கீழ சுமார் 15 பிக்சல்ல வரும், 2 கிமீன்னா ஆறு பிக்சல் கூட தேறாது. பிம்பம்னு இன்னொரு 15 பிக்சல் கீழ இழுத்தீங்கன்னா 1 கிமீல இருக்கறவன் அரை கிமீல நிக்கறான்னு கப்பல் நினைச்சுக்கும். போட்டுக்குப் பின்னாடி வர்ற நுரையும் வேண்டாம்.

புள்ளிக்கு வீடியோவ முன்ன பின்ன ஓட்டிப் பாருங்க, மினுக்குன்னா ரெண்டு மூணு ஃப்ரேம்ல காணாம போயிரும், பொருள்னா அங்கயே நிக்கும். அப்பவும் புரியலன்னா யூகிக்காம, 'இத கணக்குல எடுக்காதே'ன்னு குறிக்க ஒரு 'இக்னோர்' கிளாஸ் கேளுங்க. ஸ்லோவேனியால லுப்லியானா யுனிவர்சிட்டி வெளியிட்ட மாஸ்டர்1325ங்கற கடல் பட டேட்டாசெட்ல பிக்சல் பிக்சலா தடை, தண்ணி, வானம்னு பிரிச்சவங்களே ஓரத்துல சந்தேகமான பிக்சல தெரியாதுன்னு தனியா விட்டிருக்காங்க. இன்னொண்ணு, ரோட்டு வீடியோ மாதிரி கீஃப்ரேம (கையால பாக்ஸ் போடற ஃப்ரேம்) தூரத் தூரமா வெச்சு நடுவுல தானா நிரப்ப விடாதீங்க, கேமரா இருக்கற கப்பலே ஆடுது, பாக்ஸ் ஒரு பக்கம் போட் ஒரு பக்கம் போகும்.

பழையமேட்_சிங்கை:
தம்பி, நான் கப்பல்ல செகண்ட் மேட்டா (கப்பல் ஓட்டற அதிகாரி) இருந்தவன். அந்த நாலு பிக்சல லேசா விட்றாதீங்க. ஏஐஎஸ், அதாவது கப்பல் தன் பேரையும் இடத்தையும் ரேடியோல தானா அனுப்பற கருவி, உலக விதிப்படி கட்டாயம்கறது சர்வதேசப் பயணம் போற 300 டன்னுக்கு மேல உள்ள கப்பல், உள்நாட்டுல ஓடுற 500 டன்னுக்கு மேல உள்ள சரக்குக் கப்பல், பயணிகள் கப்பல் இதுகளுக்கு தான், சின்ன மீன்பிடி போட்டுல பெரும்பாலும் இருக்காது, ஃபைபர் படகு ரேடார்லயும் சரியா விழாது, கேமரா கண்ணுல பட்டா தான் உண்டு.

ராத்திரி வெறும் லைட்டுன்னு சொல்றீங்களே, மேட்டரே அதுல தான் இருக்கு. 1972 கோல்ரெக் (கடல்ல கப்பல் மோதாம இருக்கறதுக்கான சர்வதேச விதி) படி ஒரு கப்பல்ல அதோட இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. ரெண்டும் சேர்ந்து தெரிஞ்சா நேரா உங்க மேல வர்றான்னு அர்த்தம். மேல பச்சை கீழ வெள்ளைன்னா இழுவை வலை போட்டுட்டு இருக்கான், மேல சிவப்பு கீழ வெள்ளைன்னா வேற விதமா மீன் பிடிக்கறான், ரெண்டு பேருக்குமே இன்ஜின் கப்பல் தான் ஒதுங்கிப் போகணும். எல்லாத்தையும் 'போட்'னு ஒரே டப்பால போட்டா அந்தக் கப்பல் என்னத்த கத்துக்கும்? கலரும் எது மேல எது கீழங்கறதும் பாக்ஸோட சேர்த்துக் குறிக்கற தனி ஆட்ரிபியூட்டா வேணும்னு சொல்லுங்க.

அனோ_மதுரை:
நன்றி அண்ணா, இதெல்லாம் கைடுலைன்ல ஒரு வரி கூட இல்ல. ஒரு டவுட், லேபிள் பண்ணதுக்கு அப்புறம் படத்த கண்ணாடில தெரியற மாதிரி இடம் வலமா திருப்பி டேட்டாவ ரெண்டு மடங்கு ஆக்குவாங்கல்ல, அப்ப சிவப்பு பச்சை என்ன ஆகும்?

பிக்சல்பாண்டி:
சூப்பர் கேள்வி. மாறிப் போயிரும், தன்னோட வலது பக்கம் சிவப்பு இருக்கற கப்பல் உலகத்துலயே கிடையாது. பகல் படத்துல கப்பல் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க மட்டும்னா திருப்பினா பரவால்ல, லைட்டுக்கும் மிதவைக்கும் கூடவே கூடாது. ட்ரெயினிங் டீமுக்கு இத ஒரு மெயில் தட்டுங்க.

பழையமேட்_சிங்கை:
மிதவைல இன்னொரு கூத்து இருக்கு தம்பி. துறைமுகத்துக்குள்ள நுழையறப்ப இடது பக்கம் சிவப்பு மிதவை, இது இந்தியா சிங்கப்பூர் ஐரோப்பால. ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ், அமெரிக்கால அப்படியே உல்டா, இடது பக்கம் பச்சை. அதனால மிதவைய கலர், வடிவம்னு மட்டும் போடுங்க, 'இடது மிதவை'ன்னு போடாதீங்க. உங்க வீடியோ எந்தக் கடல்ல எடுத்ததுன்னு சொல்லிருக்காங்களா?

அனோ_மதுரை:
ஃபைல் பேர்ல தேதி மட்டும் தான் அண்ணா இருக்கு. நாளைக்கு கேட்டுட்டு வந்து சொல்றேன்.