கொரோனா பெருந்தொற்றுக் கட்டுப்பாடு: சேலத்திலும் ஏற்காட்டிலும் எது நின்றது, எது வழுக்கியது?

செவ்வாய்ப்பேட்டை:
ஊரடங்கு என்றதும் எல்லோரும் தேதி சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். 2020 மார்ச் 25, 21 நாள். சரி, அதை விடுங்கள். கடை வாசலில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். ரேஷனிலிருந்து நான் தொடங்குகிறேன்.

2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருளும் கொடுத்தபோது டோக்கன் முறை வந்தது. டோக்கனில் நாளும் நேரமும் இருந்தால் மட்டும் போதாது. எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். 1,000 அட்டை உள்ள கடை என்று வையுங்கள். அட்டையை ஸ்கேன் செய்து, எடை போட்டு, பணம் கொடுக்க ஆளுக்கு 3 நிமிஷம். மணிக்கு 20 பேர், ஆறு மணி நேரத்தில் 120 பேர். ஆக முழுசாய் முடிக்க ஒன்பது நாள். நான்கு நாளில் முடிக்கச் சொன்னால் சுண்ணாம்பில் வட்டம் போட்டும் பயனில்லை, ஒரு வட்டத்தில் இரண்டு பேர் நிற்பார்கள். இன்னொரு கோளாறு: பருப்பு மூட்டை வராத நாளில் அரிசியை மட்டும் போட்டு அனுப்பினால், அதே அட்டை மறுபடியும் வந்து அன்றைய டோக்கன்காரரோடு நிற்கும். லோடு முழுசாய் இறங்கிய பிறகே டோக்கன் கொடுக்க வேண்டும்.

சேலத்தில் ஏப்ரல் 26 முதல் 28 வரை முழு ஊரடங்கு போட்டார்களே, அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே முழுசாய்க் கிடைத்தது ஒரே நாள். மூன்று நாள் கூட்டம் மொத்தமும் அந்த ஒரு காலையில் காய்கறிக்கடைக்கு வந்துவிடும் என்பது தெரியாத சங்கதியா?

குகை:
இதே தலைவலிதான் எல்லா நாட்டிலும், அண்ணா. தைவான் 2020 பிப்ரவரி 6 முதல் முகக்கவசத்தை ரேஷன் ஆக்கியது. மருத்துவக் காப்பீட்டு அட்டையை மருந்துக்கடையில் சொருகினால் ஆளுக்கு வாரம் 2 கவசம். அடையாள எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றை என்றால் திங்கள், புதன், வெள்ளி. இரட்டை என்றால் செவ்வாய், வியாழன், சனி. ஞாயிறு எல்லோருக்கும். எந்தக் கடையில் எவ்வளவு இருப்பு என்று வரைபடத்திலேயே பார்க்கலாம். ஆனால் காலையிலேயே வரிசை எண் சீட்டைக் கொடுத்து முடித்துவிட்ட கடையிலும் வரைபடம் இருப்பு காட்டும்; போனவர் வெறுங்கையோடு திரும்புவார். மார்ச்சில் இணையத்தில் பதிந்து, பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்ளும் வழியையும் சேர்த்தார்கள்.

தென்கொரியா மார்ச் 9 முதல் பிறந்த ஆண்டின் கடைசி இலக்கத்தை வைத்துப் பிரித்தது: 1, 6 திங்கள், 2, 7 செவ்வாய், இப்படியே வெள்ளி வரை. தவறவிட்டவர்களுக்குச் சனி, ஞாயிறு.

பெரு நாட்டில் ஏப்ரலில் ஆண்களுக்கு மூன்று நாள், பெண்களுக்கு மூன்று நாள் என்று பிரித்தார்கள். கணக்கு என்னவோ சரி பாதிதான். சந்தைக்குப் போவது யார் என்பதை மறந்துவிட்டார்கள். பெண்கள் நாளில் சந்தை பிதுங்கியது, ஒரு வாரத்திலேயே கைவிட்டார்கள். அட்டை எண்ணுக்கு ஆண், பெண் கிடையாது, சமையல் கிடையாது. பிரிக்க வேண்டுமானால் அதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

மலைப்பாதை 20:
ஏற்காடு மலைக்கு மேலே வரிசைப் பிரச்சினையே இல்லைங்க, தடுப்பூசிக்கு ஆள் சேர்ப்பதுதான் பிரச்சினை. கோவிஷீல்டு தடுப்பூசிக் குப்பியில் 10 டோஸ். திறந்தால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், திறந்த நேரத்தைக் குப்பி மேலேயே எழுத வேண்டும். ஊரில் 7 பேர்தான் என்றால் திறப்பதா, திருப்பி எடுத்துப்போவதா? முந்தின நாளே வீடுவீடாகப் பெயர் எழுதி, பக்கத்து எஸ்டேட்டிலிருந்து மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. 0.5 மி.லி. சிரிஞ்சில் வீணாகாமல் இழுத்தால் 11வது டோஸும் கிடைக்கும்.

பலரும் தவறுவது ஐஸ் பேக்கில். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் தடுப்பூசி கொண்டுபோகும் கேரியரில் அடுக்கக் கூடாது. வெளியே வைத்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் அடுக்கினால் பேக்கை ஒட்டிய குப்பி உறைந்துபோகும். இந்தத் தடுப்பூசி சூட்டைவிட உறைவதில் சீக்கிரம் கெடும். தேவை 2 முதல் 8 டிகிரி. நான்கு பேக், மூடி இறுக்கம், கேரியர் வெயிலில் படாத இடம்.

தடுப்பூசிக்குக் கோவின் இணையதளத்தில் பதிவது இன்னொரு கூத்து. சிக்னல் இல்லாத வளைவில் ஓ.டி.பி. எங்கே வரும்? ஒரு செல்போன் எண்ணில் 4 பேர்தான் அப்போது. நேரில் வந்து பதிய 18 வயதுக்காரர்களுக்கு 2021 மே 24-க்குப் பிறகுதான் வழி பிறந்தது. கூலிக்காரர்களுக்குச் சனி மாலை போடுவது நல்லது. மறுநாள் காய்ச்சல் அடித்தாலும் சம்பளம் போகாது.

குகை:
ஊர்விட்டு ஊர் போக இணையத்தில் வாங்கிய அனுமதி, அந்த இ-பாஸ்?

மலைப்பாதை 20:
2020 செப்டம்பரில் மற்ற ஊருக்கெல்லாம் நீக்கியும் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காட்டுக்கு வைத்திருந்தார்கள். ஏற்காட்டுக்கு அடிவாரம் வழி ஒன்று, குப்பனூர் வழி ஒன்று. ஒன்றில் மட்டும் சோதித்தால் கதவைப் பூட்டிச் சன்னலைத் திறந்து வைத்த கதைதான். தவிர, பாஸ் கூட்டத்தைக் குறைக்கும், கிருமியைக் கண்டுபிடிக்காது. நியூசிலாந்து வெளியிலிருந்து வந்தவர்களை விடுதியில் 14 நாள் வைத்து 3-ம் நாளும் 12-ம் நாளும் சோதித்தது. முதல் சோதனையில் தப்பியது இரண்டாவதில் மாட்டும்.

சூரமங்கலம்:
ஆக்சிஜன் பற்றி யாரும் எழுதவில்லை. 2021 மே மாதம் உருக்காலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கை போட்டார்கள். சிலிண்டரை நோயாளியிடம் கொண்டுபோவதைவிட, ஆக்சிஜன் தயாராகும் இடத்துக்கு நோயாளியைக் கொண்டுவருவது லாபம். காரணம் கணக்கில் இருக்கிறது: பெரிய டி சிலிண்டரில் ஏறக்குறைய 7,000 லிட்டர். நிமிஷத்துக்கு 10 லிட்டர் போனால் 12 மணி நேரம்கூட வராது. அப்படி 100 பேர் என்றால் நாளுக்கு 200 சிலிண்டருக்கு மேல் ஏற்றி இறக்க வேண்டும்.

ஆம்புலன்ஸில் இருப்பது சின்ன பி சிலிண்டர், 1,500 லிட்டர். அதே வேகத்தில் இரண்டரை மணி நேரம். ஏற்காட்டிலிருந்து இறங்க ஒரு மணி நேரம், பிறகு படுக்கை கிடைக்கும்வரை வாசலில் காத்திருப்பு. மீட்டர் முள் பாதியில் இருந்தால் 75 நிமிஷம்தான், அதை நம்பிக் கிளம்பக் கூடாது. ஆக்சிஜனை ஈரப்படுத்தும் பாட்டிலில் தண்ணீரைக் கோடு வரை மட்டும் ஊற்றுங்கள். நிறைய ஊற்றினால் கொண்டை ஊசி வளைவில் தண்ணீர் டியூபுக்குள் ஏறி, நோயாளி மூக்குக்குப் போய்விடும்.

மலைப்பாதை 20:
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். நல்ல உடம்புக்காரருக்கே, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் கீழே இருப்பதைவிட ஒன்றிரண்டு புள்ளி குறைத்துக் காட்டும். 94-க்குக் கீழ் போனால் ஆஸ்பத்திரி என்ற விதி மாறாது. ஆனால் 95 என்று பார்த்துப் பதறும் முன், விரலைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சைத் துடைத்து, ஒரு நிமிஷம் அசையாமல் வைத்து மறுபடி பாருங்கள். பனிக்காலத்து விரலில் அந்தக் கருவி நிறையப் பொய் சொல்லும்.