"இது நடந்தா அதை செய்வேன்"னு முன்னாடியே எழுதி வச்சுக்கிறது உங்களுக்கு வேலை செஞ்சுதா? அனுபவம் சொல்லுங்க

திருவெறும்பூர் டவுன்பஸ்:

எல்லாருக்கும் வணக்கம். குரூப் 4க்கு படிச்சிட்டு இருக்கேன். திருச்சி என்எஸ்பி ரோட்டுல ஒரு ஜவுளிக்கடையில கணக்கு எழுதுற வேலை, காலையில போனா ராத்திரிதான் வீடு. "தினமும் ரெண்டு மணி நேரம் படிக்கணும்"னு டைம்டேபிள் ஒட்டாதவங்க இங்க யாரும் இருக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன், எங்க வீட்டுலயும் காலண்டர் பக்கத்துல ஒண்ணு தொங்குச்சு, அது பாட்டுக்கு தொங்கிட்டே இருந்துச்சு. அக்கா வீட்டுக்கு வந்திருந்தப்ப மாமா அதை பாத்துட்டு, "ரெண்டு மணி நேரத்த விடும்மா, எது நடந்தா எதை கையில எடுப்பேன்னு ஒரே ஒரு வரி எழுது, அது போதும்"னார். அவர் கம்பெனி டிரெய்னிங்ல கேட்டுட்டு வந்த விஷயமாம்.

நான் எழுதின வரி இதுதான்: "பஸ்ல கண்டக்டர் டிக்கெட் குடுத்ததும் பையில இருந்து கணக்கு நோட்டை எடுப்பேன்."

மணி போட்டு ஏன் எழுதலன்னா கடை எப்ப பூட்டுவாங்கன்னே சொல்ல முடியாது, ஆடித்தள்ளுபடி, தீபாவளி சமயத்துல எட்டு மணின்னு சொன்னது பத்தாகும், ஆனா எத்தனை மணிக்கு கிளம்பினாலும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறித்தானே ஆகணும், மகளிர் இலவச டிக்கெட்டா இருந்தாலும் கண்டக்டர் கிழிச்சு கையில குடுத்துடுவார், அது தப்பவே தப்பாது. டிக்கெட் கைக்கு வந்துச்சா, நோட்டு வெளிய வரணும். எத்தனை கணக்கு போடணும்னு எழுதவே இல்ல. பால்பண்ணை தாண்டுறதுக்குள்ள ஒரு தனிவட்டி கணக்கு முடிஞ்சிடும், காட்டூர்ல டிராஃபிக் மாட்டுச்சுன்னா இன்னும் நல்லது, ஆட்கள் நாட்கள் கணக்கு ரெண்டு மூணு ஓடிடும். குரூப் 4ல ஆப்டிட்யூட் மட்டும் 25 கேள்வி வருதுல்ல, அந்த பகுதி முழுக்க பஸ்லயே ஓடுது.

சீட் கிடைக்காத நாளுக்கு தனியா ஒண்ணு: "நின்னுட்டு போறதா இருந்தா, இயர்ஃபோன் மாட்டி இலக்கணம் கேப்பேன்." யூடியூப் வேணாம்னு என் குரல்லயே புணர்ச்சி விதியெல்லாம் ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன், யூடியூப் திறந்தா எங்க போய் முடியும்னு உங்களுக்கே தெரியும்.

படிப்புதான்னு இல்ல, நடைப்பயிற்சி, மாத்திரை, காசு சேர்க்கிறது எதுவா இருந்தாலும் பரவால்ல, செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க. வேலைக்கு ஆகலன்னாலும் சொல்லுங்க.

பழைய சைக்காலஜி ஸ்டூடன்ட்:

மாமாவுக்கு ஒரு சல்யூட். இது ஏதோ டிரெய்னிங் கம்பெனி கண்டுபிடிச்சதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, பீட்டர் கோல்விட்சர்னு ஒரு ஜெர்மன் சைக்காலஜிஸ்ட் 1990கள்ல இருந்து பண்ணிட்டு இருக்கிற ஆராய்ச்சி இது, அப்புறம் நியூயார்க் யுனிவர்சிட்டியிலயும் இருந்தார். எம்எஸ்சியில நான் இதைத்தான் செமினார் எடுத்தேன், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எனக்கு ரொம்ப பிடிச்ச ஆய்வு 1997ல வந்தது. கிறிஸ்மஸ் லீவுக்கு போற ஸ்டூடன்ட்ஸ்கிட்ட, கிறிஸ்மஸ் முதல் நாள் ராத்திரி எப்படி கழிஞ்சதுன்னு ஒரு ரிப்போர்ட் எழுதி 48 மணி நேரத்துக்குள்ள அனுப்புங்கன்னு சொன்னாங்க. எல்லாரும் சரின்னுதான் சொன்னாங்க. பாதி பேரை மட்டும், எப்ப எங்க உக்காந்து எழுதப்போறீங்கன்னு அங்கேயே முடிவு பண்ண வச்சாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். அப்படி முடிவு பண்ணினவங்கள்ல நாலுக்கு மூணு பேர் டைமுக்குள்ள எழுதினாங்க, மத்தவங்கள்ல மூணுக்கு ஒருத்தர்தான். லீவு, சொந்தக்காரங்க, விருந்துன்னு இருக்கிற நேரம் பாருங்க, நம்ம ஊர்ல பொங்கலுக்கு முதல் நாள் அசைன்மென்ட் குடுத்தா எப்படியோ அப்படி.

2002ல இங்கிலாந்துல உடற்பயிற்சி பத்தி ஒரு ஆய்வு. ஒரு குரூப்புக்கு இதயநோய் வரும், எக்சர்சைஸ் பண்ணுங்கன்னு நல்லா எடுத்துச் சொன்னாங்க, அதுல 35 சதவீதம் பேர்தான் பண்ணினாங்க, எதுவும் சொல்லாம விட்ட குரூப்லயே 38. அதே எடுத்துச் சொல்றதோட எந்த நாள், எந்த நேரம், எந்த இடம்னு எழுத வச்ச குரூப்ல 91 சதவீதம். என் கிளாஸ்ல இதை சொன்னப்ப எங்க புரொஃபசர், "அப்ப நான் உங்களுக்கு இத்தனை வருஷமா பண்ற அட்வைஸ்?"னு கேட்டார், யாரும் வாய் திறக்கல.

காரணம் என்னன்னா, டிக்கெட் மாதிரி ஒரு விஷயத்தோட வேலையை முன்னாடியே கோத்து வச்சிட்டா அந்த நேரத்துல யோசிக்க வேண்டியது இல்ல. "இன்னிக்கு டயர்டா இருக்கே, நாளைக்கு பாத்துக்கலாமா"ங்கிற பஞ்சாயத்தே ஆரம்பிக்காது. அடையாளம் கண்ணுல பட்டதும் மனசு தானா அதை கவனிக்கும், கை தானா போகும். 2006ல 94 ஆய்வை சேத்து வச்சு பாத்தாங்க, பலன் நடுத்தரத்துக்கும் கொஞ்சம் மேலன்னுதான் வந்துச்சு. அதுக்காக மந்திரம்னு நினைச்சுடாதீங்க.

லேத்து:

கோயமுத்தூர்ல இருந்துங்க. லேத் பட்டறை. எனக்கு சிகரெட்டுங்க. பட்டறையில பிடிக்கிறதில்ல, வீட்லயும் இல்ல, பேக்கரிக்கு டீ குடிக்க போனா மட்டும். காலையில ஒரு டீ, பதினோரு மணி டீ, சாயங்காலம் ரெண்டு டீ, எல்லாத்துக்கும் கூடவே ஒண்ணு. வீட்டுக்காரி சொல்லிச்சு, "பேக்கரிக்கு போனா சிகரெட் வாங்க மாட்டேன்னு எழுதி பர்ஸ்ல வெச்சுக்கங்க"ன்னு. சரின்னு எழுதி வெச்சேன். பர்ஸ தொறந்து காசு எடுக்கறப்ப அந்த சீட்டுதான் மொதல்ல கண்ணுல படும், சிகரெட்டுன்னு எழுதியிருக்கும், அதை படிச்சதும் சிகரெட் ஞாபகம்தான் வரும், என்ன பண்றதுங்க.

அப்பறம் எங்க பட்டறையில வேலை செய்யற பையன்தான் சொன்னான், "அண்ணே வாங்க மாட்டேன்னு எழுதாதீங்க, வேற என்ன வாங்குவீங்கன்னு எழுதுங்க"ன்னு. அதுக்கப்பறம் மாத்தி எழுதினது: "மாஸ்டர் டீ கிளாஸ கையில குடுத்தா, இன்னொரு கை கடலமிட்டாய் ஜாடிக்கு போகும்." கூட டீ குடிக்கறவங்க மொதல்ல ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுனாங்க, "என்ன மாப்ள மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ் சேந்துட்டியா"ன்னு. இப்ப பேக்கரிக்காரரே டீயோட சேத்து மிட்டாயையும் எடுத்து வெச்சுடறாரு. முழுசா விட்டாச்சான்னு கேட்டீங்கன்னா இல்லீங்க, கல்யாணம் காட்சின்னு வெளியூரு போனா அங்க பேக்கரியும் இல்ல மிட்டாயும் இல்ல, பழைய கதைதான். நம்ம ஊருல இருக்கற வரைக்கும் மிட்டாய்தான்.

பழைய சைக்காலஜி ஸ்டூடன்ட்:

@லேத்து அண்ணே, உங்க பட்டறை பையனுக்கு டிகிரியே குடுக்கலாம். "செய்ய மாட்டேன்"னு எழுதினா அந்த விஷயமே மனசுல இன்னும் அழுத்தமா உக்காந்துக்கும்னு நெதர்லாந்துல நொறுக்குத்தீனி விஷயத்துல சோதிச்சு 2011ல எழுதியிருக்காங்க. பழைய பழக்கத்துக்கு பதிலா இன்னொண்ணை வைக்கிறதுதான் வழி, நீங்க மிட்டாய் வச்ச மாதிரி.

அம்மா பொண்ணு:

எங்க அம்மாவுக்கு சுகர். ராத்திரி சாப்பாட்டோட போட வேண்டிய மாத்திரையை மறந்துடுவாங்க, அப்புறம் பத்து மணிக்கு "போட்டேனா இல்லையாடி"ன்னு எனக்கு போன் பண்ணுவாங்க, நான் இருக்கிறது சென்னையில அவங்க இருக்கிறது கும்பகோணத்துல, எனக்கு எப்படி தெரியும். அலாரம் வச்சு குடுத்தேன், அலாரம் அடிக்கும்போது அடுப்பு முன்னாடி நிப்பாங்க, ஆஃப் பண்ணிடுவாங்க, முடிஞ்சுது.

சரி இந்த முறையை பாப்போம்னு, "அம்மா நீ பாக்கிற சீரியலோட டைட்டில் பாட்டு போட்டா சாப்பாடு, கூடவே மாத்திரை"ன்னு சொல்லி வச்சேன், அவங்க எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டாங்கன்னு. நல்லாத்தான் போச்சு, ஆனா மாத்திரை அட்டையில சரியா ஞாயித்துக்கிழமை மாத்திரை மட்டும் மிச்சம் இருக்கு! ஞாயித்துக்கிழமை சீரியல் கிடையாதுல்ல. எனக்கு சிரிப்பு ஒரு பக்கம், இதை பிடிச்சுட்டோமேன்னு சந்தோஷம் ஒரு பக்கம்.

இப்ப டிவியை விட்டுட்டு தட்டுக்கு மாத்திட்டோம். மாத்திரை டப்பா அலமாரியில அம்மாவோட தட்டு மேலயே உக்காந்திருக்கும். தட்டை எடுக்கணும்னா டப்பாவை எடுத்தே ஆகணும், "டப்பாவை எடுத்தா தண்ணி சொம்போட சேத்து சாப்பிடுற இடத்துல வை" அவ்வளவுதான். வெறும் வாயில சொன்னா நிக்காதுன்னு ஊருக்கு போனப்ப நாலஞ்சு தடவை சும்மாவே நடிச்சு பாத்தோம், தட்டை எடு, டப்பாவை எடு, வைன்னு. "என்னடி எனக்கு பாடம் நடத்துற"ன்னு திட்டிக்கிட்டேதான் செஞ்சாங்க. இப்ப பத்து மணி போன் வர்றதில்ல. வந்தா வேற விஷயத்துக்குத்தான், வரன் பாக்கிற விஷயத்துக்கு.

பழைய சைக்காலஜி ஸ்டூடன்ட்:

இதுக்கும் ஒரு ஆய்வு இருக்கு, திட்டாதீங்க. வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடுறவங்களை, எப்ப எங்க போடுவேன்னு எழுத வச்சாங்க. டப்பா மூடியில சிப் வச்சு எப்ப திறக்கிறாங்கன்னே எண்ணினாங்க. எழுதினவங்க 93 சதவீதம் மாத்திரை போட்டிருக்காங்க, எழுதாதவங்க 79.

ரெண்டு மானிட்டர்:

கொஞ்சம் மாத்தி பேசுறேன், கோச்சுக்காதீங்க. நான் ஐடி, நம்பர் பாத்தாத்தான் நம்புவேன். அமெரிக்காவுல ஒரு கம்பெனி ஊழியர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட சொல்லி லெட்டர் அனுப்பினாங்க, சாதா லெட்டர் போனவங்கள்ல 33.1 சதவீதம் பேர் போட்டாங்க. லெட்டர்லயே தேதியும் நேரமும் எழுதிக்க இடம் விட்டு அனுப்பினவங்கள்ல அதைவிட 4.2 பாயிண்ட்தான் கூட. தேதி மட்டும் எழுத சொன்னவங்களுக்கு பெருசா வித்தியாசமே இல்ல. 2011ல வந்த ஆய்வு. ஸ்டூடன்ட்ஸை வச்சு பண்ணா 91, வேலைக்கு போற மனுஷனை வச்சு பண்ணா நாலு, இதுல எதை நம்புறது? இத்தனைக்கும் அது செலவே இல்லாத லெட்டர், ஆயிரக்கணக்குல ஆள் இருக்கிற இடத்துல நாலும் பெருசுதான்னு சொல்வாங்க, ஒத்துக்கிறேன். ஆனா தனி ஆளுக்கு அது கியாரண்டி இல்ல.

இன்னொண்ணு, எங்க டீம்ல ஒருத்தர் ஜனவரி 1ஆம் தேதி எக்செல் ஷீட் போட்டு, எழுந்தா தண்ணி, பல் தேய்ச்சா ஸ்குவாட், லிஃப்ட் பாத்தா படிக்கட்டு, மீட்டிங் முடிஞ்சா நடை, காபி வந்தா சர்க்கரை இல்லாமன்னு ஒரு முழுப்பக்கம் வச்சிருந்தார். பொங்கலுக்கு ஊருக்கு போயிட்டு வந்தப்ப அந்த ஷீட்டை அவரே ஓப்பன் பண்ணல. நிறைய இலக்குக்கு ஒரே சமயத்துல இப்படி போட்டா பலன் போயிடுதுன்னும் ஒரு ஆய்வு இருக்கு, எல்லாத்தையும் சேத்து பாக்கும்போது மலைப்பா ஆயிடுதாம்.

எனக்கு இதுல உருப்படியா நின்னது ஒண்ணே ஒண்ணு, "சம்பளம் கிரெடிட் ஆன எஸ்எம்எஸ் வந்தா, சீட்டை விட்டு எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி ஆர்டிக்கு மாத்துவேன்." அதையும் அப்புறம் மாசாமாசம் தானா போற மாதிரி பேங்க்லயே ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷனா குடுத்துட்டேன். மெஷின் செய்ய முடிஞ்சதை மெஷின்கிட்ட குடுத்துடுங்க, மனுஷன் எதுக்கு ஞாபகம் வச்சுக்கணும்?

பழைய சைக்காலஜி ஸ்டூடன்ட்:

நியாயமான பேச்சு. ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன், அந்த இலக்கு மேல உண்மையிலேயே ஆசை இல்லாதவங்களுக்கு இது வேலை செய்யாது, இதுவும் ஆய்வுலயே வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஜிம் போறார்னு எழுதினா டிக்கெட் வரும், நோட்டு வராது. அதனாலதான் கேப்ரியேலே ஓட்டிங்கென், கோல்விட்சரோட மனைவி, அவங்களும் சைக்காலஜிஸ்ட், ‘வூப்’னு ஒரு முறை வச்சிருக்காங்க. முதல்ல என்ன ஆசை, கிடைச்சா எப்படி இருக்கும், அப்புறம் நமக்குள்ள இருந்து எது தடுக்குது, கடைசியாத்தான் பிளான். அந்த மூணாவதுலதான் விஷயமே இருக்கு. எனக்கு ராத்திரி ரீல்ஸ் பிரச்சனை, தடை போன்னு நினைச்சேன், உக்காந்து யோசிச்சா, நாள் முழுக்க எனக்குன்னு ஒரு நிமிஷம் கிடைக்கலையேங்கிற எரிச்சல்தான் தடை. அதனால "பெட்ரூம் லைட்டை போட்டா போனை ஹால்ல சார்ஜ்ல போடுவேன்"னு எழுதினது மட்டும் பத்தல, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடியில சும்மா உக்கார ஒரு அரை மணி நேரம் ஒதுக்கின பிறகுதான் அது நின்னுச்சு.

திருவெறும்பூர் டவுன்பஸ்:

எல்லாருக்கும் நன்றி, அந்த சீரியல் அம்மாவை நினைச்சு கடையில உக்காந்து தனியா சிரிச்சேன். ஒரு சந்தேகம், இதையே பரீட்சை ஹாலுக்கு எடுத்துட்டு போக முடியுமா? மாதிரித் தேர்வுல எனக்கு கணக்கு தெரியாம இல்ல, ஒரு கேள்வி மாட்டிக்கிச்சுன்னா அதை விட மனசு வராது, மூணு மணி நேரத்துல 200 கேள்வி, அந்த ஒண்ணுலயே நேரம் போயிடுது.

ரெண்டு மானிட்டர்:

என் தங்கச்சி போன தடவை எழுதினா. அவ வச்சிருந்தது: "ரெண்டு தடவை படிச்சும் வழி தெரியலன்னா, கேள்வித்தாள்ல ரஃப் ஒர்க் பக்கத்துல நம்பரை எழுதி வட்டம் போட்டுட்டு அடுத்ததுக்கு போவேன்." கடைசியில எதையும் காலியா விட முடியாதுல்ல, விடை தெரியலன்னா ‘விடை தெரியவில்லை’ங்கிற ‘ஈ’ (E) கட்டத்தையாவது நிரப்பியாகணும், அதனால "கடைசி அரை மணி நேர பெல் அடிச்சா வட்டம் போட்டதுக்கு மட்டும் திரும்புவேன்"னு இன்னொண்ணு. இந்த ரெண்டுக்கு மேல போடாதீங்க. வீட்டுல பழைய கொஸ்டின் பேப்பரை மொபைல் டைமர் வச்சு எழுதும்போதே வட்டம் போட்டு பழகுங்க, ஹால்ல போய் புதுசா ஆரம்பிச்சா கை வராது. தப்பான விடைக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது, அதனால கடைசியில வட்டத்துல மிச்சம் இருக்கிறதுக்கு ‘ஈ’ போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிச்சு ஒண்ணை அடிச்சு விடுங்க.