சின்ன ஃபைபர் படகுக்கு ரெண்டு பாட்டரி: எப்படி இணைக்கிறது?

கோரையாற்றுக்காரன், முத்துப்பேட்டை:
வணக்கம். என்னோடது 18 அடி ஃபைபர் படகு, 25 எச்பி அவுட்போர்டு (பின்பக்கம் வெளியே மாட்டுற மோட்டார்), செல்ஃப் ஸ்டார்ட். தொழிலுக்கு இல்லை. லீவு நாள்ல வீட்டாரோட அலையாத்திக் காட்டுக்குப் போய்த் தூண்டில் போட்டுட்டு வருவோம். ஒரே ஒரு 12 வோல்ட் பாட்டரிதான். போன ஞாயிறு லகூன்ல நங்கூரம் போட்டு அஞ்சு மணி நேரம் ஃபிஷ் ஃபைண்டர் (மீன் இருக்கிற இடம் காட்டுற கருவி), எல்இடி விளக்கு, ரெண்டு போன் சார்ஜர் ஓடிச்சு. இருட்டுற நேரம் சாவியைத் திருப்பினா டிக் டிக்னு சத்தம் மட்டும். தண்ணி வேற வத்திக்கிட்டு இருந்துச்சு. நானும் மச்சானும் கழி ஊன்றியே ஜாம்புவானோடை வந்து சேர ராத்திரி பத்தரை. சின்ன மக அம்மா மடியை விட்டு இறங்கவே இல்லை. இன்னொரு தடவை அவளை அப்படிப் பார்க்க முடியாது. வீட்டு இன்வெர்ட்டர்ல இருந்து கழட்டின 150 ஏஎச் (ஆம்பியர் மணி) டியூபுலர் பாட்டரி சும்மா கிடக்கு. அதை ரெண்டாவதா வைக்கலாமா?

காரைக்கால் படகு:
ஒரு விஎஸ்ஆர், அதாவது வோல்ட்டைப் பார்த்துத் தானா வேலை செய்யுற ரிலே, வாங்கி ரெண்டு பாட்டரிக்கும் நடுவுல போடுங்க சார். எஞ்சின் ஓடி வோல்ட் 13.3 தாண்டினா ரெண்டு பாட்டரியையும் சேர்க்கும், 12.8க்கு இறங்கினா பிரிச்சிடும். என் 60 எச்பியில மூணு வருஷமா தொந்தரவு இல்லை.

நாகை வயரிங்:
தம்பி, அந்த டியூபுலரை ஏத்தாதீங்க. 50 கிலோவுக்கு மேல வரும், உயரமான டப்பா, முகத்துவாரத்துல ஒரு அலை தூக்கினா ஆசிட் வெளியே வரும். புள்ளைங்க உட்கார்ற படகு. சீல் பண்ணின 75 ஏஎச் டீப் சைக்கிள் (மெதுவா ரொம்ப நேரம் கரன்ட் எடுக்கத் தோதான பாட்டரி) போதும்.

காரைக்கால் அண்ணன் சொன்ன விஎஸ்ஆர் பெரிய மோட்டாருக்குச் சரி. உங்களுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க. நங்கூரத்துல 4 ஆம்பியர்னு வச்சா அஞ்சு மணிக்கு 20 ஏஎச் போச்சு. இந்த சைஸ் மோட்டார் பலதுல சார்ஜிங் 6 ஆம்பியர்தான், அதுவும் முழு வேகத்துல. லகூன்ல இடுப்பளவுத் தண்ணியில யாரு முழு வேகம் போறா? மெதுவா ஒரு மணி நேரம் வந்தா 3 ஏஎச் ஏறும். காலியான பாட்டரியைச் சேர்த்ததும் வோல்ட் விழும், ரிலே பிரியும், மறுபடி சேரும். ரெண்டுமே நிறையாது.

அதனால ரெண்டையும் தனித்தனியா வைங்க. மோட்டார் ஸ்டார்ட்டிங் பாட்டரிக்கு மட்டும். விளக்கு, ஃபைண்டர், சார்ஜர் எல்லாம் புதுசுக்கு. அதுக்கு 50 வாட் சோலார் தகடும் கன்ட்ரோலரும் வைங்க, நல்ல வெயிலுக்குப் பத்துப் பன்னெண்டு ஏஎச் தரும். மிச்சம் வீட்டுக்கு வந்து சார்ஜர்ல. மைனஸ் ரெண்டையும் சேர்த்துடுங்க. பிளஸ் ரெண்டுக்கும் நடுவுல அவசரத்துக்கு ஒரு ஸ்விட்ச், எப்பவும் ஆஃப்ல. ஸ்டார்ட்டிங் பாட்டரி இறங்கினா மட்டும் அதைத் திருப்புங்க.

புது பாட்டரி பிளஸ்ல இருந்து ஒரு சாணுக்குள்ள ஃபியூஸ் இருக்கணும். பில்ஜ் பம்புக்கு (படகு அடியில தேங்குற தண்ணியை இறைக்கிறது) தனி ஃபியூஸ், மெயின் ஸ்விட்ச் வழியா போகாம நேரா பாட்டரிக்கு. ஐப்பசி மழையில கட்டிப் போட்ட படகு நீங்க இல்லாதப்பதான் நிரம்பும். பாட்டரி பெட்டி பெட்ரோல் டேங்க் பக்கத்துல வேணாம், காத்து போற மாதிரி இருக்கட்டும்.

அதுக்கு முன்னாடி பழைய கேபிள் முனையில இருக்கிற லக்கை (பாட்டரியில மாட்டுற உலோக வளையம்) ஒட்டிக் கொஞ்சம் வெட்டிப் பாருங்க. உள்ள செம்பு மினுமினுன்னு இருக்கா, கறுத்திருக்கா?

அதிரை தூண்டில்:
லித்தியம் போட்டா எடை பாதிதானே அண்ணே?

நாகை வயரிங்:
பாதிக்கும் கீழ. ஆனா லெட் ஆசிட்டோட நேரா சேர்க்கக் கூடாது, அந்த அவசர ஸ்விட்ச் போடவே முடியாது. சார்ஜரும் மாத்தணும். முதல் தடவைக்கு வேணாம்.

கோரையாற்றுக்காரன்:
அண்ணே, சொன்னபடி வெட்டினேன். லக் பக்கம் பச்சைக் களிம்பு. ஒரு விரக்கடை உரிச்சேன், கறுப்பு. அரை அடி உரிச்சும் கறுப்புதான், தொட்டா இழை பொடிப்பொடியா உதிருது. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு எடுத்து வச்ச பாட்டரி 12.6 காட்டுது. செல்ஃப் அடிக்கிறப்ப பாட்டரி முனையில 11.4, மோட்டார் முனையில 8.9.

நாகை வயரிங்:
அப்ப பாட்டரி இன்னும் சாகலை. இடையில ரெண்டரை வோல்ட்டைத் தின்னது அந்தக் கேபிள்தான். கொஞ்சம் இறங்கினதுமே செல்ஃப் எடுக்காம போனதுக்கு அதுவும் காரணம். உப்புத் தண்ணி உள்ள ஏறிடுச்சு, வெட்டி ஒட்டுப் போடாதீங்க, பிளஸ் மைனஸ் ரெண்டையும் முழுசா மாத்துங்க. ஈயம் பூசின செம்பு இழைன்னு கேட்டு வாங்குங்க. பாட்டரியில இருந்து மோட்டார் வரைக்கும் எத்தனை அடின்னு அளந்து போடுங்க தம்பி, சைஸ் சொல்றேன்.