புதுப்பிப்பு: அப்பா திரும்பி வரப்போவதில்லை

நான் எழுதும் இளையோர் நாவலில், காணாமல் போன அப்பா கடைசியில் திரும்பி வரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் 'வரட்டுமே' என்றீர்கள். சரி, வரவேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

காரணம் பாலின் பாஸ் (Pauline Boss) என்ற அமெரிக்க ஆய்வாளர். வியட்நாம் போரில் காணாமல் போன அமெரிக்க வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தவர். ஆள் வீட்டில் இல்லை, மனதில் இருக்கிறார். அதனால் துக்கம் நகராமல் உறைந்துவிடுகிறது என்கிறார். என் கதையில் பாட்டி இறந்தபோது சடங்கு நடந்தது, எல்லோரும் அழுதார்கள். அப்பாவுக்கு எதுவுமில்லை. அவர் நாற்காலியில் தம்பி உட்கார்ந்தாலே அக்கா கத்துகிறாள். (எழுத ரொம்பப் பிடித்த இடம் இது.)

பழைய கடிதம் கிடைக்கும் அத்தியாயத்தைத் தூக்கிவிட்டேன். அப்புறம், தம்பிக்கு வயதைக் கூட்டியிருக்கிறேன். அவனுக்கும் அப்பாவைப் பற்றிச் சொந்த நினைவுகள் வேண்டுமே.