மறதி தொடங்கின பெரியாக்களைக் கூட்டு உடற்பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனவையின்ர அனுபவங்கள்

வலிகாமத்திலயிருந்து ஒரு மருமகள்:

என்ர மாமிக்கு 71 வயது. போன வருசம் பாக்குவெட்டியை அரிசி வாளிக்குள்ள வைச்சிட்டு வீடு முழுக்கத் தேடினா. தேத்தண்ணி குடிச்சு முடியமுதல் ஒரே கதையை மூண்டுதரம் சொல்லுவா. "அவவுக்கு அறளை பேந்திட்டுது" எண்டு ஊருக்குள்ள கதை வந்ததோட, நல்லது கெட்டதுக்குச் சொல்லுறதையும் சனம் குறைச்சிட்டுது. அதுதான் எனக்குத் தாங்கேலாமல் போச்சு. முதல் காட்டின டொக்டர் "வயசு போனா மறதி வரும்தானே" எண்டு ரெண்டு நிமிசத்தில அனுப்பிட்டார். வேற இடத்தில ஆறுதலாச் சோதிச்சு, இது இன்னும் டிமென்சியா எண்டிற மறதி நோய் இல்லை, ஆனா வரக்கூடிய ஆபத்து இருக்கு, பிரசரையும் சீனியையும் கட்டுப்படுத்தி நல்லா நடக்க விடுங்கோ எண்டிச்சினம்.

தனிய நடக்க மாட்டன் எண்டிட்டா. சனசமூக நிலைய முற்றத்தில பின்னேரம் ஐஞ்சு மணிக்குப் பதினைஞ்சு பேர் சேருகினம் எண்டு கேள்விப்பட்டுக் கூட்டிக்கொண்டு போனன். கதிரையில இருந்து கை கால் அசைச்சு, முற்றத்தைச் சுத்தி வேகமா நடந்து, கடைசியாக் கும்மி. முதல் நாள் மாமி மதிலோட ஒட்டிக்கொண்டு நிண்டா. கும்மி தொடங்கினதும் கை தானா எழும்பிச்சுது. சின்னனில கோயிலடியில அடிச்ச கும்மி. காலைக்கு என்ன சாப்பிட்டனெண்டு தெரியாத மனுசி ஒரு அடியும் பிசகேல்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா அவவின்ர கையைப் பிடிச்சவ, எல்லாம் முடியுமட்டும் விடேல்லை.

தென்மராட்சியிலயிருந்து ஒரு மகன்:

எங்கட பக்கம் ஆம்பிளையள் கும்மிக்கு வரமாட்டினம். ஐயாவையும் சிநேகிதரையும் குளக்கட்டில சேர்ந்து நடக்க வைச்சம். திரும்பி வந்து பேப்பர் வாசிச்சுக் கதைப்பினம். அந்தக் கதைக்காகவே ஐயா போறார்.

பிசியோதெரபி படிச்ச தங்கச்சி ஒராள்:

65 வயசுக்கு மேற்பட்டவைக்கு நடுத்தர வேகப் பயிற்சி கிழமைக்கு 150 முதல் 300 நிமிசம் எண்டு உலக சுகாதார நிறுவனம் 2020இல சொன்னது. கதைக்கலாம், பாடேலாது எண்டிற அளவு மூச்சு வாங்கினாச் சரி. 2011இல அமெரிக்காவில டிமென்சியா இல்லாத 120 பெரியாக்களை வைச்ச ஆய்வில, கிழமைக்கு மூண்டு நாள், 40 நிமிசம் வரைக்கும் ஒரு வருசம் நடந்தவைக்கு மூளையில ஞாபகத்துக்குரிய ஹிப்போகம்பஸ் எண்டிற பகுதி 2% வளர்ந்திருந்தது. தசையை நீட்டி மடக்கிற பயிற்சி மட்டும் செய்தவைக்கு அது சுருங்கியிருந்தது. போன ஞாபகம் அப்பிடியே திரும்பும் எண்டு ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. இன்சுலின் போடுறவைக்காகக் குளுக்கோஸ் கையில வைச்சிருங்கோ. நெஞ்சு நோ, தலைச்சுத்து எண்டா உடன நிப்பாட்டுங்கோ. புழுதி மணலில கழண்டு போற செருப்போட விடாதேங்கோ, விழுந்தா இடுப்பெலும்புதான் போகும்.

மருமகள் திரும்பவும்:

செருப்பை இண்டைக்கே மாத்திறன் தங்கச்சி. மாமிக்கு மறதி போகேல்லை. ஆனா நேற்று ஞாயிறு, வகுப்பில்லை, அஞ்சு மணிக்குச் சீலை மாத்திக்கொண்டு படலையடியில நிண்டா. நான் ஒண்டும் சொல்லேல்லை. கையைப் பிடிச்சுக்கொண்டு கோயிலடி மட்டும் நடந்திட்டு வந்தம்.